கடலில் நான் கொடுத்த ‘ரைட்’

நடுக்கடலில் ஒரு சேலையைப் பார்த்து, “வெத்தலைப் பையை எடு” என்று கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டேன். இந்தத் தீபாவளி லீவில். சேலை எடுத்துக் கொடுக்கவில்லை.

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பொய் — இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாயிற்று. நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே வாருங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் சிவகாசிப் பக்கம் வந்து பாருங்கள். கடைத்தெரு வெறிச்சென்று கிடக்கும். நாடெல்லாம் வெடித்து முடிக்கிற நேரத்தில், பட்டாசு செய்து கொடுத்த நாங்கள் வேன் ஏறிவிடுவோம். சீசன் முடிந்தது, கம்பெனி பூட்டியாயிற்று, இனி டூர். எந்த வேனில் வேலைக்குப் போகிறோமோ அதே வேன். அதே ஆட்கள். குற்றாலமோ கொடைக்கானலோ, எங்கே போனாலும் அவரவர் சீட்டு அவரவருக்கு.

என் சீட்டு கதவோரம். எனக்குப் பக்கத்துச் சீட்டு பேச்சியம்மாளுக்கு.

கதவோரச் சீட்டுக்கு ஒரு பொறுப்பு உண்டு. சாயந்திரம் வேலை விட்டு எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்து, “ரைட்” என்று வேன் தகரத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். தட்டு கேட்டால் ஆள் சரி என்று அர்த்தம். காலையில் ஏறினவர்கள் அத்தனை பேரும் சாயந்திரம் திரும்பி ஏறுவது எங்கள் வேலையில் சின்ன விஷயம் இல்லை. அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை வருஷத்தில் ஒருத்தியைக்கூட விட்டுவிட்டு நான் தட்டியது கிடையாது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

அந்தக் கர்வத்துக்குச் சோதனை வைக்கிறவள் பேச்சி. எப்போதும் கடைசி ஆள். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, கொண்டையை அப்போதுதான் முடிந்துகொண்டு வருவாள். கூப்பிட்டாலும் கேட்காது — ஒரு காது மந்தம். நான் திட்டுவேன். “வந்துட்டேன்லா மதினி, வண்டி என்ன வானத்துலயா பறக்கப்போவுது?” என்பாள். எனக்கும் அவளுக்கும் சொந்தம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மதினிதான்.

இந்த வருஷம் டூருக்கு இடம் சொன்னது முனீஸ்வரி. எங்கள் வேனிலேயே சின்னவள். போனை நீட்டினாள்.

“பாருங்க மதினி, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, வாயில கொழாயை வச்சிக்கிட்டு, கடல்ல குப்புற மெதந்தம்னா அடியில பவளப்பாறையும் மீனும் தெரியுமாம். ஸ்நார்க்கெலிங்னு பேரு.”

“மீனு பாக்கணும்னா சாத்தூர் சந்தைக்கு வா. குப்புற விழாமலே பாக்கலாம்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு முனீஸ்வரி பக்கமே போய்விட்டார்கள். காலம் அப்படி.

அருப்புக்கோட்டை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி, மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். வேனில் பாதிப் பேர் தண்ணீரைப் பார்த்ததும் கரையிலேயே முந்தியை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சப் பேர் ஃபைபர் படகில் ஏறினோம். நான் ஏன் ஏறினேன்? அந்தோணி என்ற கைடு, நாற்பது வயசு இருக்கும், “பாட்டி, நீங்க கரையில இருந்துக்கங்க” என்றார். அதனால் ஏறினேன்.

“பாட்டின்னா திரும்ப மாட்டேன்யா. அம்மான்னு சொல்லு” என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து கடைசி வரைக்கும் அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டார். நல்ல மனுஷன்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, படகு எனக்கு ஒத்துவராது என்று. பயம் இல்லை. சும்மா இருக்க வேண்டியிருக்கிறதே, அதுதான்! பீஸ் ரேட்டில் வளர்ந்த கை என்னுடையது. செய்தால்தான் காசு என்று பழகிய கைக்கு மடியில் கிடக்கத் தெரியாது. துண்டை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன். எப்போது போய்ச் சேருவோம் என்று இருந்தது. போய்ச் சேர்ந்தால் எப்போது திரும்புவோம் என்று இருக்கும். என் மனசு எனக்குத் தெரியாதா?

போதாததற்கு, பின்னால் மோட்டார் ஓட்டுகிறவர் பீடியைப் பற்ற வைத்தார். காலடியில் பெட்ரோல் கேன்!

எங்கள் வேனில் தீப்பெட்டியோடு யாரும் ஏற முடியாது. அந்த வாசனையும் நெருப்பும் சேர்ந்தால் எங்களுக்கு யோசனை வராது — கைதான் வரும். படகுக்குள் தேங்குகிற தண்ணீரை மொண்டு கொட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் மக்கு கிடந்தது. எடுத்தேன். கடலில் மொண்டேன். பீடி அணைந்தது. மீசையும் நனைந்தது.

“ஏம்மா, இது கடலும்மா!” என்று கத்தினார் அவர்.

“கடல்னா? பெட்ரோலுக்குத் தெரியுமாக்கும்?”

பேச்சி என் தோளில் சாய்ந்து சிரித்தாள். “மதினி, ஊருல விட்டுட்டு வந்த கம்பெனிய இங்கன தொறந்துட்டீகளே.”

அந்தோணி பேச்சை மாற்றக் கதை சொல்ல ஆரம்பித்தார். இந்தக் கடல் சும்மா கடல் இல்லையாம். ராஜாக்கள் காலத்திலிருந்து முத்துக் குளித்த கடல். கப்பல் கப்பலாய் வெளிநாட்டுக்காரன் வந்து நின்ற கடல். முத்துக் குளிக்கிறவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவானாம். இடுப்புக் கயிற்றின் மறுநுனி படகில் இருக்கிறவன் கையில்.

“அந்தக் கயித்தப் பிடிக்கிறவன் யாருன்னு நெனக்கிறீங்க? மச்சான்தான். பொஞ்சாதியோட கூடப் பொறந்தவன்.”

“அண்ணன் தம்பி கெடையாதா?” என்றாள் முனீஸ்வரி.

“அண்ணன் தம்பிக்குப் பங்கு மேல கண்ணு இருக்கலாம். மச்சானுக்குத் தங்கச்சி தாலி மேலல்ல கண்ணு இருக்கும்? கயிறு ஒரு சுண்டு சுண்டுனாப் போதும், இழுத்துருவான். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான்.”

“எங்க வேன்ல அந்தக் கயிறு என் கையிலதான்” என்றேன் நான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தீவு ஒன்று பச்சைக் கோடு போலத் தெரிகிற இடத்தில் மோட்டாரை நிறுத்தினார்கள். ஐப்பசியில் வடகடல்தான் கொந்தளிக்குமாம். இந்தத் தென்கடல் தொட்டித் தண்ணீர் மாதிரி கிடந்தது. அந்தோணி ஆளுக்கொரு ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிவிட்டு, கண்ணாடியும் குழாயும் கொடுத்தார். ஒரு ரப்பர் வளையத்தை எல்லாரும் பிடித்துக்கொள்ள வேண்டும். விசில் ஊதினால் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

நான் இறங்கவில்லை. தண்ணீர் குளிரும் என்று சொன்னேன்.

பேச்சி தயாராகவே வந்திருந்தாள். சேலைக்குள் முனீஸ்வரியின் பழைய சுடிதார்! தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினவள், பயம் கிடையாது. சேலையை அவிழ்த்து, எனக்குப் பக்கத்தில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், பையின் மேல் போர்த்தினாற்போல் வைத்தாள்.

“சேலையப் பாத்துக்கங்க மதினி. காத்துல பறந்துரும்.”

பச்சை நூல் சேலை. வேலைக்கு நாங்கள் நைலான் கட்டக் கூடாது, உரசினால் பொறி வரும். நூல் சேலைதான். பேச்சியிடம் அந்தப் பச்சை இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னொரு பச்சை. எத்தனை வருஷமாக என் வலப்பக்கம் அந்தப் பச்சை உட்கார்ந்து வந்திருக்கிறது!

சொன்னபடி சேலையைப் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் தண்ணீரில் குப்புறக் கிடந்தார்கள். முதுகுகள் மட்டும் ஆரஞ்சு ஆரஞ்சாய். நான் மேகத்தைப் பார்த்தேன். கரையைப் பார்த்தேன். துண்டை மடித்தேன். கீழே அப்படி என்னதான் இருக்கிறது? எழுந்தேன், உட்கார்ந்தேன். படகு ஆடுகிறது என்று மோட்டார்க்காரர் முறைத்தார். அவர் என்னிடம் பேசுவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

ஒருவழியாக விசில் ஊதினார்கள். ஒவ்வொருத்தியாய் மேலே வந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரே கூச்சல். “மஞ்ச மீனு பாத்தியா?” “ஏ, என் காலைக் கடிச்சிருச்சு!” இதற்குள் முனீஸ்வரிக்கு உப்புத் தண்ணீர் குடித்ததில் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தோணி அவளை முன்பக்கம் கூட்டிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் அங்கே திரும்பினார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடிந்தது அல்லவா? பிறகு எதற்கு நிற்கிறோம்?

வலப்பக்கம் பச்சை தெரிந்தது.

கை தானாகப் போனது. படகின் விளிம்பில் டப் டப் என்று தட்டினேன். “ரைட்!”

மோட்டார்க்காரர் இழுத்தார். படகு கிளம்பியது. தட்டினது அந்தோணி என்று அவர் நினைத்துவிட்டார். மோட்டார் சத்தம் கேட்டதும், எண்ணிப் பார்த்துத்தான் எடுக்கிறார் என்று அந்தோணி நினைத்துவிட்டார். எல்லாரும் எல்லாரையும் நம்பினோம். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் எங்களுக்கு!

முகத்தில் காற்று அடித்ததும் எனக்குக் கொஞ்சம் அமைதி வந்தது. வெற்றிலை போடலாம் என்று தோன்றியது.

“ஏ பேச்சி, வெத்தலைப் பைய எடு.”

பதில் இல்லை. மந்தக் காதுப் பக்கம் சொல்லிவிட்டேன் போல என்று, “ஏய், ஒன்னத்தான்!” என்று திரும்பினேன்.

சேலை இருந்தது. காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் முகம் இல்லை.

இதை எப்படி எழுதுவது? நான் கம்பெனியில் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறேன். ஓடி, பொட்டலில் நின்று, யார் யார் வந்தார்கள் என்று முகம் முகமாய்ப் பார்த்திருக்கிறேன். அதே குளிர். முதுகுத்தண்டில் அதே இடத்தில்.

“நிறுத்துய்யா! பேச்சி! பேச்சி ஏறல!”

மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வேனில் நிறுத்தச் சொல்ல ஒரே ஒரு தட்டு தட்டுவோம். விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். அந்த மனுஷனுக்கு அது எங்கே தெரியும்? கிழவி அவசரப்படுகிறாள் என்று இன்னும் வேகமாக விட்டார்!

மக்கு காலடியில் கிடந்தது. மொண்டு அவர் முகத்தில் அடித்தேன்.

மோட்டார் நின்றது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“பேச்சி” என்றேன். சேலையைத் தூக்கிக் காட்டினேன்.

படகு திரும்பியது. ஆனால் எங்கே என்று தேடுவது? எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் சுவரில் நம்பர் எழுதியிருக்கும். கடலில் என்ன எழுதியிருக்கிறது? எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். வெயில் பட்டு எல்லா இடமும் மினுங்கியது. அந்தோணி முன்னால் ஏறி நின்று, தீவையும் கரையையும் மாறி மாறிப் பார்த்து, கையால் வழி காட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பொம்பளைகள் இருந்தும் பேச்சு இல்லாத வண்டியில் நான் அன்றைக்குத்தான் இருந்தேன்.

நின்றுகொண்டே இருந்தேன். யாரோ உட்காரச் சொன்னார்கள். அவள் மகளுக்கு என்ன சொல்வேன்? ‘உன் அம்மாவை விட்டுட்டேன், சேலையைக் கொண்டுவந்திருக்கேன்’ என்றா?

“அந்தா!” என்றாள் முனீஸ்வரி.

ஆரஞ்சுப் புள்ளி. நாங்கள் நின்ற இடத்திலிருந்து நீரோட்டம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் போகப் போகத் தெரிந்தது — முகம் தண்ணீருக்குள். கை இரண்டும் விரித்தபடி. அசைவில்லை.

படகு நிற்கும் முன்னே அந்தோணி குதித்துவிட்டார். நானும் குதித்திருப்பேன். நீச்சல் தெரியாது என்பது அப்போது ஞாபகம் இல்லை. முனீஸ்வரி என் முந்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்தோணி போய்ப் பேச்சியின் தோளைத் தொட்டார்.

பேச்சி வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். வாயிலிருந்து குழாயை எடுத்தாள். கண்ணாடிக்குள் கண் இரண்டும் முட்டை முட்டையாய்.

“என்னய்யா, இப்பிடித் தொடுதே? மீனு ஓடிப்போச்சுல்லா!”

நான் தொப்பென்று உட்கார்ந்தேன். படகே ஆடியது.

விசிலும் கேட்கவில்லை, படகு போனதும் கேட்கவில்லை அவளுக்கு. ரப்பர் வளையத்தை விட்டுவிட்டு ஒரு மீன் பின்னால் போயிருக்கிறாள். மேலே இழுத்துப் போட்டதும் மூச்சு விடாமல் பேசினாள். “நீலம், மஞ்ச, ரோஸு... நம்ம பேன்சி வெடி அம்புட்டும் கீழதாம்லா வெடிச்சிக்கிட்டு கெடக்கு! ஒரு சத்தம் கெடையாது மதினி. பொகை கெடையாது. நெஞ்சு திக்குன்னு ஆகல...” பேசிக்கொண்டே வந்தவள், யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். “என்ன, எல்லாரும் எழவு வீடு மாதிரி இருக்கீக?”

“ஒங்கள விட்டுட்டுப் போயிட்டோம்க்கா” என்று முனீஸ்வரி அழுதுவிட்டாள்.

பேச்சி என் பக்கம் திரும்பினாள். யார் தட்டினது என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வேனில் தட்டுகிறவள் ஒருத்திதான்.

“தப்பு என்னோடதும்மா” என்றார் அந்தோணி. “நான் எண்ணிப் பாத்திருக்கணும்.”

“ஒங்க தப்ப நீங்க வச்சுக்கங்க. என் தப்பத் தூக்கிச் சொமக்க வேண்டாம்” என்றேன். “நான்தான் தட்டுனேன் பேச்சி. சேலையப் பாத்துட்டு நீயின்னு...”

பேச்சி முடியைப் பிழிந்தாள். சேலையை என் கையிலிருந்து வாங்கி, உதறிப் பார்த்தாள்.

“நனையலையே?”

“நனையல.”

“பொறவு என்ன?” என்றாள். கரை நெருங்கும்போது, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “கயித்தப் பிடிச்ச மச்சான் நல்ல மச்சான்தான்.”

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சாயந்திரம் ஊருக்குக் கிளம்ப வேன் ஏறினோம். வழக்கம்போல் பேச்சி கடைசி. கருவாடு வாங்கப் போயிருந்தாள். நான் திட்டவில்லை. வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பவில்லை. டிரைவர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். என் கை மடியிலேயே கிடந்தது — காலையிலிருந்து சும்மா இருக்க மாட்டேன் என்ற கை!

“ஏறியாச்சு மதினி” என்றாள் பேச்சி.

கையைத் தூக்க முடியவில்லை.

அவளே என் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி எழுதச் சொல்லித் தருகிற மாதிரி, என் கையை எடுத்துத் தகரத்தில் தட்டினாள். ஒன்று. இரண்டு. வேன் கிளம்பியது.

வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு மட்டும்தானா இப்படி? நீங்களே சொல்லுங்கள். ஈஸிசேரில் ஒரு பனியன் தெரிந்தால் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று அடுப்படியிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறோம். கொடியில் சுடிதார் காய்ந்தால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறோம். நிற்க நேரம் இல்லை, திரும்பிப் பார்க்க நேரம் இல்லை, அடுத்த இடத்துக்குப் போயாக வேண்டும். தட்டு, வண்டியை எடு! அங்கே போய் என்ன செய்யப்போகிறோம்? மறுபடி தட்டப்போகிறோம்.

போன வாரம் கம்பெனி திறந்தாயிற்று. அதே வேன், அதே சீட்டு. கதவோரத்தை முனீஸ்வரிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பேச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே இப்போதும் நான்தான் தட்டுகிறேன். ஆனால் தட்டுவதற்கு முன்னால் வலப்பக்கம் கையை விட்டு, பச்சைச் சேலைக்குள் ஆள் இருக்கிறதா என்று ஒரு கிள்ளு கிள்ளிப் பார்க்கிறேன்.

தினமும் திட்டுகிறாள்.

திட்டட்டும். வெறும் சேலை திட்டாது.